ஏரிநீர்க்கு முறை உண்டு, வானலைக்கு இல்லையா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஏரிகளைக் காணலாம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவுள்ள அவ்வழியில், மழை குறைந்த ஆண்டிலும் கழனிகள் முற்றுங் காய்ந்து போகாமற் காத்து வந்தது எது? ஏரியின் பரப்பன்று, ஏரிநீரைப் பங்கிட்ட முறையே. எந்த மதகு எப்பொழுது திறக்கப்பெறும், மேல்மடைக்கு எத்துணை நாழிகை, கடைமடைக்கு எத்துணை நாழிகை என்பவற்றையெல்லாம் ஊரார் கூடி வகுத்தனர். நீர்க்கட்டி அவ்வரம்பைக் காத்தான். தன் முறை வந்தும் நீர் பாய்ச்சாதவன், அந்நீரைத் தனக்கென்று அடைத்து வைத்துக்கொள்ள முடியாது. அஃது அடுத்தவன் வாய்க்காலுக்குப் போய்விடும். 'எனக்கும் வேண்டா, உனக்கும் விடேன்' என்பவனுக்கு ஊர்மன்றில் இடம் இருந்ததில்லை.

அக்கழனிகளுக்கு மேலே இன்று கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு நீர் பாய்கின்றது. அதுவே வானலை. உழவன் மடியிலுள்ள கைப்பேசி, தேநீர்க்கடையில் ஒலிக்கும் வானொலி, காவலர் தோளில் தொங்கும் பேசுகருவி, மரக்காணத்து மீனவன் படகில் வைத்திருக்கும் கம்பியில்லாக் கருவி, தொடர்வண்டி ஓட்டுநரின் கைக்கருவி ஆகிய அனைத்தும் அவ்வொரே வானத்தைத்தான் பங்கிட்டுக் கொள்கின்றன. அதனை அலைக்கற்றை என்று தமிழ்மக்கள் அழைக்கின்றனர். அக்கற்றை எவர்க்கு உரியது? எம்முறையிற் பங்கிடப் பெறுகின்றது? ஏரிநீருக்கு இருந்த அறம் அதற்கு உண்டா? தமிழர் கேட்கத் தவறிய கேள்விகள் இவை.

அலையின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றது என்னும் எண்ணிக்கையே அதன் அதிர்வெண். அதனை அளக்கும் அலகு, எர்ட்சு என்னும் செருமானிய அறிஞரின் பெயரால் வழங்குகின்றது. நொடிக்குப் பத்து இலக்கம் அதிர்வுகள் ஒரு மெகா எர்ட்சு. அதிர்வெண் குறைந்த அலை நெடுந்தொலைவு செல்லும். தோப்பையும் சுவரையும் ஊடுருவும். அதிர்வெண் உயர்ந்த பகுதியில் அகன்ற இடம் இருப்பதால் மிகுதியான செய்தியைச் சுமக்கலாம். ஆனால் அவ்வலை விரைவில் ஓய்ந்துவிடும். வீடுகள் நெருங்கிய நகர்க்குப் பின்னது ஏற்கும். வீடுகள் சிதறிய சிற்றூர்க்கு முன்னதே உயிர்.

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் எவர் சொல்லும் எவர்க்கும் விளங்காது. இதனாற்றான் அரசு குறுக்கிட நேர்ந்தது. ஆயின் வெள்ளையராட்சி வகுத்த 1885ஆம் ஆண்டுத் தொலைவரிச் சட்டமும், 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தொலைவரிச் சட்டமும் பங்கீட்டுக்காகப் பிறந்தவை அல்ல. ஆள்வோர் கைப்பிடிக்குள் வானத்தை அடக்கப் பிறந்தவை. மக்களோ அதற்கு முன்பே வானத்தைப் பொதுவிற் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். 1924ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சி.வி. கிருட்டிணசாமியார் முயற்சியால் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருளின்மையால் 1927இல் அது நின்றபோது, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. சென்னையில் நடுவணரசின் வானொலி நிலையம் அமைந்தது 1938இல்தான். வானலையைத் தமிழ்நாட்டில் முதலில் மக்களுக்காக இயக்கியவர் தில்லியார் அல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பங்கிடும் முறைகள் பல. விழுப்புரம் சந்திப்பில் நின்று பார்ப்பார்க்கு அவை எளிதில் விளங்கும். சென்னைக்கும், முதுகுன்றம் வழியாகத் திருச்சிக்கும், கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும், புதுச்சேரிக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் அங்கிருந்து ஐந்து வழிகள் பிரிகின்றன. ஒரு தண்டவாளம் ஒரு வண்டிக்கே உரியதென்று எழுதிக் கொடுத்துவிட்டால் அச்சந்திப்பு ஒரே நாளில் முடங்கிப் போகும். ஒரு வண்டி கடந்ததும் கைகாட்டி மாறுகின்றது. அடுத்த வண்டி அதே தண்டவாளத்தில் வருகின்றது. தண்டவாளம் பெருகவில்லை, முறையினால் அதன் பயன் பெருகுகின்றது.

அலையிலும் அஃதே. இரண்டாந் தலைமுறைக் கைப்பேசியில் 200 கிலோ எர்ட்சு அகலமுள்ள ஓர் அலைவரிசையை எண்மர் முறைவைத்துப் பயன்படுத்தினர். ஒவ்வொருவர்க்கும் ஒரு முறையிற் கிடைப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த பொழுது. ஆயினும் அம்முறை மிக விரைந்து மீண்டும் மீண்டும் வருவதால், தம் பேச்சு இடையறுவதாக எவரும் உணரவில்லை. இது பொழுதாற் பங்கிடல். திண்டிவனத்துக் கோபுரம் ஒன்று பயன்படுத்தும் அதே அலைவரிசையை, அதன் வீச்சு எட்டாத விழுப்புரத்துக் கோபுரமும் பயன்படுத்தலாம். இஃது இடத்தாற் பங்கிடல். வைஃபை என்னும் அருகலைக் கருவிகளோ, பேசுமுன் செவிமடுக்கின்றன. பிறிதொரு கருவி பேசுமாயின் பொறுத்திருந்து, ஓய்ந்தபின் தாம் பேசுகின்றன. அவையறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்தார்க்கு இவ்வொழுங்கு புதிதன்று.

இனி, நீருக்கும் அலைக்கும் உள்ள ஒரு பெரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். இன்று பாய்ச்சாத ஏரிநீர் நாளைக்குக் கிடக்கும். வீடூர் அணையில் தேங்கிய நீர் அடுத்த திங்களும் பயன்படும். ஆனால் இன்று பயன்படாத அலை இன்றே அழிந்தது. அதனைத் தேக்கி வைக்க ஏரியும் இல்லை, அணையும் இல்லை. எத்துணை பயன்படுத்தினும் அலை தேய்வதும் இல்லை. அள்ள அள்ளக் குறையாததும், அள்ளாவிடின் அக்கணமே வீணாவதும் ஆகிய பொருள் இது ஒன்றே. எனவே நீரைப் பதுக்குவோன் செய்யும் தீமையினும் அலையைப் பதுக்குவோன் செய்யும் தீமை பெரிது. முன்னவன் பிறர் பங்கைத் தனக்குச் சேர்த்துக் கொள்கின்றான். பின்னவன் எவர்க்கும் இல்லாமல் அழிக்கின்றான்.

இவ்வுண்மையை மறந்து, விலை ஒன்றையே பற்றி இந்நாடு ஆண்டுக்கணக்கிற் சொற்போர் ஆடியது. 1995ஆம் ஆண்டு பிப்பிரவரியில், வங்காள மட்டைப்பந்துக் கழகம் தொடர்பான வழக்கில், வானலை பொதுமக்கள் உடைமை என்று உச்சநயன்மன்றம் தெளிவுறுத்தியது. 2008இல் முதலில் வந்தார்க்கு முதலில் என்ற அடிப்படையில் உரிமங்கள் வழங்கப்பெற்றன. 2012 பிப்பிரவரி 2ஆம் நாள் உச்சநயன்மன்றம் அவ்வுரிமங்களுள் 122ஐ நீக்கியது. கணக்குத் தணிக்கைத் துறை கூறிய 1.76 இலக்கங் கோடி உருபா இழப்பு என்னும் தொகை நாடெங்கும் முழங்கிற்று. குற்றஞ்சாட்டப்பெற்றோர் அனைவரையும் 2017 திசம்பரில் தனி நயன்மன்றம் விடுவித்தது. இத்துணை ஆரவாரத்திலும், 'விற்ற அலை எவ்வூரில் எவர்க்குப் பயன்பட்டது?' என்று கேட்டோர் எத்துணைப் பேர்?

விலையை உயர்த்தினால் அரசு பிழைத்தது, மக்கள் பிழைத்தனர் என்று எண்ணியோர்க்கு 700 மெகா எர்ட்சு அலையின் கதை ஒரு பாடம். சிற்றூர்களை எட்டுதற்கு மிக ஏற்ற அலை அது. 2016ஆம் ஆண்டு ஏலத்தில், நாடு முழுமைக்கும் ஒரு மெகா எர்ட்சுக்கு 11,485 கோடி உருபா என்று அதற்கு அடிப்படை விலை குறிக்கப்பெற்றது. கேட்பார் இலர். 2021 ஏலத்திலும் கேட்பார் இலர். விலை 3,927 கோடியாகக் குறைந்த 2022இல்தான் ஒரே ஒரு நிறுவனம் அதனை வாங்கியது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் அவ்வலை என்னாயிற்று? விக்கிரவாண்டியின் மேலும் மயிலத்தின் மேலும் மேல்மலையனூரின் மேலும் வெறுமனே கிடந்து அழிந்தது. அதனால் கருவூலத்திற்கும் ஒரு காசு இல்லை. குடிமகனுக்கும் ஒரு சொல் இல்லை. 2022 ஏலத்தில் முன்வைத்த 72,098 மெகா எர்ட்சில் 51,236 விலைபோயிற்று. அரசுக்கு ஒன்றரை இலக்கங் கோடி உருபா கிடைத்தது. 2024இல் முன்வைத்த ஏறத்தாழ 10,500 மெகா எர்ட்சில் விலைபோனது 141.4 மட்டுமே. விலைபோகாத அலை தில்லியின் பெட்டியிற் கிடக்கும் பொன்னன்று. அன்றாடம் ஆவியாகிப் போகும் நீர்.

விற்ற அலையின் நிலையும் நன்றன்று. ஏலத்தில் அலை ஊர்ஊராக விற்கப்படுவதில்லை. வட்டம் வட்டமாக விற்கப்படுகின்றது. சென்னையும் புதுச்சேரியும் உள்ளிட்ட தமிழ்நாடு முழுவதும் ஒரே வட்டம். சென்னைத் தெருக்களில் கிடைக்கும் ஊதியத்தைக் கருதி ஒரு நிறுவனம் ஓர் அலையை வாங்குமாயின், செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களின் வானமும் அதனுடன் சேர்ந்து இருபது ஆண்டுக்கு அடைபடுகின்றது. அங்கே அந்நிறுவனம் அவ்வலையை இயக்காதிருந்தாலும், அவ்வூர்ப் பள்ளியோ, கூட்டுறவுக் கழகமோ, ஊராட்சியோ அதனைத் தொடமுடியாது, தொட்டாற் குற்றம். ஊர்மன்று ஒப்பாத அடைமடை முறையைச் சட்டம் ஒப்புகின்றது!

'முதல் போட்டவனுக்குத் தனியுரிமை இல்லையெனில் கோபுரம் நடுவோர் எவர்?' என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வி பொருளற்றதன்று. ஆனால் அதற்கு விடை உண்டு. அமெரிக்க நாட்டில் 3,550 முதல் 3,700 மெகா எர்ட்சு வரையுள்ள அலையைக் கடற்படையின் கண்காணிப்புக் கருவிகள் பயன்படுத்துகின்றன. அதனை மூவகையார்க்குப் பகிரும் விதியை அந்நாடு 2015இல் வகுத்தது. கடற்படைக்கே முதலிடம், விலைகொடுத்து முன்னுரிமை பெற்றார்க்கு அடுத்த இடம், இவ்விருவரும் பயன்படுத்தாத இடத்தில், பயன்படுத்தாத பொழுதில், ஏனையோர் அனைவர்க்கும் கட்டணமின்றி இடம். எவ்விடத்தில் எவ்வலை ஒழிந்துள்ளது என்பதைக் கணிப்பொறி ஒன்று கணக்கிட்டுச் சொல்லும். அந்நாட்டு நீர்க்கட்டி அக்கணிப்பொறியே. முதல் போட்டவன் உரிமை கெடவில்லை, கடைமடையும் காயவில்லை.

அயல்நாடு வரை செல்லவும் வேண்டா. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் தொடர்வண்டி நிற்கும் வில்லியனூரைக் காண்க. 1998இல் எம்.எசு. சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரை நடுவாக வைத்து, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு நடுவங்களை அமைத்தது. தொலைப்பேசிக் கம்பியுடன், கம்பியில்லாப் பேசுகருவிகளும் ஊர்களை இணைத்தன. கதிரவன் ஒளியால் ஆகும் மின்னாற்றலும் உதவிற்று. கடலலை எத்துணை உயரம் எழும் என்னும் செய்தி வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர்க்குத் தமிழில் அறிவிக்கப்பெற்றது. பொதுப்பணிக்கு ஒரு சிறு அலை கிடைத்தால் எத்துணை உயிர்க்கு அரணாகலாம் என்பதற்கு இது சான்று.

அக்காலத்திலேயே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலாவின் குழுவினர், கார்டெக்ட்டு என்னும் கம்பியில்லாத் தொலைப்பேசி முறையை உருவாக்கினர். அம்முறையில் இன்ன கருவிக்கு இன்ன அலைவரிசை என்னும் நிலைத்த பங்கீடு இல்லை. ஒவ்வொரு கருவியும் பேசத் தொடங்கும்பொழுது ஒழிந்துள்ள வரிசையைத் தானே தேர்ந்து கொள்ளும். விழுப்புரத்திற்கு அணித்தான நெல்லிக்குப்பத்தில், கரும்பு உழவர்க்குச் செய்தி வழங்க அம்முறை பயன்பட்டது. பின்னர் 2005இல், 2.4 கிகா எர்ட்சுப் பகுதியை நடுவணரசு உரிமமின்றிப் பயன்படுத்த விட்டது. இன்று வீடுதோறும் கடைதோறும் இயங்கும் அருகலைக்கு அத்திறப்பே வாயில். எவர்க்கும் தனியுரிமை இல்லாத அச்சிறு துண்டில் எண்ணற்ற கருவிகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வாழ்கின்றன. பொதுவில் விட்டாற் பாழாகும் என்போர்க்கு இதனினும் வேறு மறுமொழி வேண்டுமோ?

பகிர்வு என்பது வசதி பற்றிய செய்தி மட்டுமன்று, உயிர் பற்றியது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் ஏறியதால் தொடர்வண்டிகள் நின்றன. அத்தகைய வேளையில் மின்சாரம் அற்றுக் கோபுரங்கள் ஓயுமாயின், ஒரு நிறுவனத்தின் கோபுரம் ஒளிவிட, மற்றதன் கைப்பேசி வைத்திருப்பவன் ஊமையாய் நிற்பது அறமா? இடர்க்காலத்தில் எந்நிறுவனத்துக் கைப்பேசியும் எந்நிறுவனத்துக் கோபுரத்தையும் பற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை நடுவணரசு ஆணையிட்டுத் திறக்க முடியும். அதற்குரிய நுட்பமும் கையில் உள்ளது. ஆணைக்குக் காத்திராமல், மாவட்ட ஆட்சியர் எச்சரிக்கை விடுத்த நொடியே அது தானாகத் திறத்தல் வேண்டும். தோணி கவிழும்பொழுது துடுப்பு எவனுடையது என்று கேட்பாரும் உண்டோ?

இங்கேதான் தமிழ்நாட்டின் உரிமை பற்றிய கேள்வி எழுகின்றது. இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, நடுவணரசுப் பட்டியலின் 31ஆம் பதிவில் தொலைப்பேசி, கம்பியில்லாத் தொடர்பு, ஒலிபரப்பு ஆகியவற்றை ஒருங்கே தில்லிக்கு எழுதி வைத்தது. தமிழ்நாட்டு வானத்தின் அலை எவர்க்கு, என்ன விலைக்கு, எவ்வூரில் என்பதில் தமிழ்நாட்டரசுக்குச் சொல் இல்லை. விற்று வந்த தொகை வரியல்லாத வருவாய் எனப்படுவதால், மாநிலங்களுக்குப் பகிரும் தொகுப்பிலும் அது சேர்வதில்லை. கோபுரம் நிற்பது தமிழன் நிலத்தில். கட்டணம் செலுத்துவது தமிழன் கை. அலை செல்வது தமிழன் வானில். விலைப்பணம் சேர்வது மட்டும் தில்லிக் கருவூலத்தில்! 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், மக்கள் சார்பில் அலைக்கற்றையின் உரிமையாளர் நடுவணரசு என்று கூறுகின்றது. மக்கள் சார்பில் என்பது உண்மையாயின், எம்மக்களிடம் என்று கேட்டனர்?

அச்சட்டத்திலேயே ஒரு நல்ல வித்தும் உண்டு. தக்க காரணமின்றிப் பயன்படாது கிடக்கும் அலையை, உரியவரைக் கேட்டபின் மீட்கலாம் என்று அது கூறுகின்றது. அவ்வித்து முளைக்க வேண்டுமாயின் தமிழ்மக்கள் நீர் வார்த்தல் வேண்டும். அவர்கள் எழுப்பவேண்டிய கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: பயன்பாட்டை வட்டம் முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிடாது, ஊராட்சி ஒன்றியந்தோறும் கணக்கிட்டு மக்கள் காண வெளியிடுக. பயன்படாத இடத்தில் அவ்வலையைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உழவர் கூட்டுறவுக்கும் முறைவைத்துத் திறந்துவிடுக. இரண்டு: 2015 முதல் நிறுவனங்கள் தமக்குள் அலையைப் பகிர்ந்துகொள்ள விதி உள்ளது, அப்பகிர்வு உரிமம் பெற்ற செல்வர்க்குள் நில்லாது பொது அமைப்புகளுக்கும் எட்டுக. மூன்று: ஏலத்தொகையில் அந்தந்த மாநிலத்திற்கு உரிய பங்கும், பங்கீட்டுக் குழுவில் மாநிலத்திற்கு இருக்கையும் வழங்குக. நான்கு: அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தொடங்கிய குமுகாய வானொலியைப் போன்று, வட்டந்தோறும் ஒரு தமிழ் வானொலிக்கு அலை ஒதுக்குக.

இறுதியாக ஒன்று. அலையைப் பங்கிடுதல் என்பது மொழிக்கும் உரியது. வானொலி என்னும் இனிய சொல் தமிழில் வழங்கிக்கொண்டிருக்க, 1957 முதல் ஆகாசவாணி என்னும் வடசொல்லை அதன் மேல் ஏற்ற முயன்றனர். 2023 மே மாதத்தில் அப்பெயரையே எங்கும் வழங்குமாறு மீண்டும் ஆணை பிறந்தபொழுது தமிழ்நாடு எதிர்த்தெழுந்தது. அலை எவன் கையில் உள்ளதோ, அவன் மொழியே அதில் ஒலிக்கும். எனவே அலையுரிமை கேட்பதும் மொழியுரிமை கேட்பதும் இருவேறு போராட்டங்கள் அல்ல.

திண்டிவனம் என்பது புளியங்காட்டைக் குறிக்கும் வடமொழிப் பெயர். அந்நகரின் ஒரு பகுதியாக இன்றும் விளங்கும் கிடங்கில், சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். நாடி வந்தார் எவர்க்கும் அடைக்காத வாயிலை உடையவன் என்று அவனை அந்நூல் பாராட்டும். வாயிலை அடைக்காதவன் வாழ்ந்த மண்ணின் மேல், வானத்தை அடைத்து வைத்திருக்கின்றனர். பகுத்துண்ணலை அறங்களுளெல்லாம் தலையாயதாக வைத்த வள்ளுவரைப் பெற்ற இனம், தன் தலைக்கு மேலுள்ள வானம் பகுக்கப்படும் முறையை அறியாது வாளாவிருத்தல் தகுமா?

ஏரி மதகைக் காத்த இனமே, எழுக! வான்மதகின் திறவுகோல் எவர் கையில் என்று கேள். அடைத்தவன் திறக்கும்வரை ஓயாதே!